சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு அறிவியல் பட்டம்: அமெரிக்காவில் மருத்துவத் துறைக்குப் போக விரும்பும் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை வகுப்புக்குள் விட்டுவிட்டு நடைக்கூடத்தில் காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தில்தான் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்து சேர்ந்தன. நான் திருநெல்வேலியில் விலங்கியல் படித்தவள். திருமணத்துக்குப் பின் அமெரிக்கா வந்து, ஆறு ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு, 31 வயதில் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தேன். இப்போது மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். அன்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஓராண்டு மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

இது என்ன பட்டம்? நம் ஊர் டிப்ளமோ மாதிரியா?

இல்லை. இதன் பெயர் அசோசியேட் ஆஃப் சயின்ஸ், சுருக்கமாக ஏ.எஸ். வழக்கமாக 60 கிரெடிட் (கிரெடிட் என்பது பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு). நான்காண்டு இளநிலைப் பட்டத்துக்கு ஏறத்தாழ 120 கிரெடிட் வேண்டும். அதன் முதல் பாதியைத் தனிப் பட்டமாகக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுப்பவை பெரும்பாலும் அரசு சமுதாயக் கல்லூரிகள். நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் சில மாதத் தொழிற்பயிற்சி நினைவுக்கு வரும். இங்கே அது உயர்கல்வியின் ஒரு முழுப் படி. 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஆறு மாணவர்களோடு தொடங்கியதுதான் இவ்வகை அரசுக் கல்லூரிகளில் முதலாவது. அதன் நோக்கமே பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுகளை ஊர்ப் பிள்ளைகள் உள்ளூரிலேயே படிக்க வைப்பதுதான்.

இதை முடித்தால் மருத்துவமனையில் நேரே வேலை கிடைக்குமா?

கிடைக்காது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரே கல்லூரியில், ஒரே கட்டடத்தில், இரண்டு விதமான இரண்டாண்டுப் பட்டங்கள் இருக்கும். ஏ.எஸ். பெரும்பாலும் மேலே படிப்பதற்கானது. உயிரியல், வேதியியல், கணிதம் எல்லாவற்றையும் அடித்தளமாகப் போட்டு, பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டிலோ தொழில்முறைப் படிப்பிலோ சேர உங்களைத் தயார் செய்யும். 'உடல்நல அறிவியல்' என்று அந்தப் பட்டத்துக்குப் பெயர் இருந்தாலும், அதைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளியைத் தொட உரிமம் கிடையாது. இன்னொன்று அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயின்ஸ், அதாவது ஏ.ஏ.எஸ். இது வேலைக்கானது. எக்ஸ்ரே எடுப்பவர், ஆய்வகத்தில் ரத்தம் சோதிப்பவர், சுவாச சிகிச்சையாளர் எல்லோரும் பெரும்பாலும் இந்த வழியில் வருகிறார்கள். இதில் மருத்துவமனைப் பயிற்சி உள்ளேயே இருக்கும். முடித்ததும் உரிமத் தேர்வு எழுதலாம். ஆனால் இதன் எல்லாப் பாடங்களையும் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். சில மாநிலங்களில் செவிலியர் படிப்புக்கே ஏ.எஸ். என்றுதான் பெயர், அது குழப்பத்தைக் கூட்டும். ஆகவே பட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். 'இதை முடித்தால் எந்த உரிமத் தேர்வை எழுத முடியும்?' என்று கேளுங்கள். ஒரு தேர்வின் பெயர் பதிலாக வந்தால் அது வேலைக்கான பட்டம். 'மேலே படிக்கலாம்' என்று பதில் வந்தால் அது அடித்தளப் பட்டம்.

நான் கேட்கவில்லை. முதல் செமஸ்டரில் ஆலோசகர் ஒருவர் சேர்த்துவிட்ட வேதியியல் பாடம், அறிவியல் படிக்காதவர்களுக்கான எளிய பாடம். நல்ல மதிப்பெண் வாங்கினேன். இரண்டு செமஸ்டர் கழித்துத்தான் அது செவிலியர் படிப்புக்குச் செல்லாது என்று தெரிந்தது. திரும்பவும் முதலிலிருந்து வேதியியல்.

அடித்தளம்தான் என்றால் நேராகப் பல்கலைக்கழகத்துக்கே போகலாமே?

போகலாம், பணம் இருந்தால். 2023-24 கல்வியாண்டில் அரசு இரண்டாண்டுக் கல்லூரிகளில் உள்ளூர் மாணவருக்கான சராசரி ஆண்டுக் கட்டணம் 3,990 டாலர். அரசு நான்காண்டுப் பல்கலைக்கழகங்களில் அந்தந்த மாநிலத்தவருக்கு 11,260 டாலர். இரண்டு ஆண்டுக்கு 14,000 டாலருக்கு மேல் வித்தியாசம். விடுதிச் செலவு இதில் இல்லை.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வகுப்பின் அளவு. பல்கலைக்கழகத்தில் முதலாண்டு உயிரியலுக்கு முந்நூறு பேர் உட்காரும் அரங்கங்கள் உண்டு. என் உடற்கூறியல் ஆய்வகத்தில் 24 பேர். என் பெயரை ஆசிரியருக்குச் சரியாக உச்சரிக்கத் தெரியும்.

என்னென்ன பாடங்கள்?

முதுகெலும்பு இரண்டு பாடங்கள்: மனித உடற்கூறியல்-உடலியங்கியல் ஒன்று, இரண்டு. ஒவ்வொன்றும் பொதுவாக 4 கிரெடிட், ஆய்வகத்தோடு. அடுத்து நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல், உளவியல், ஆங்கிலக் கட்டுரை. மனித வளர்ச்சிப் பருவங்கள் பற்றிய உளவியல் பாடத்தையும் சத்துணவியலையும் பல செவிலியர் படிப்புகள் கேட்கும். புள்ளியியலை வெறும் கடமையாக நினைக்காதீர்கள். ஒரு மருந்து உண்மையில் வேலை செய்கிறதா என்று ஆய்வுக் கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்ள அதுதான் கண்.

ஆய்வகத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. ஆட்டின் இதயம் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். வலது கீழறையின் சுவரை அழுத்தினால் அமுங்கும். இடது கீழறை எளிதில் அமுங்காது. வலது பக்கம் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு ரத்தம் அனுப்பினால் போதும்; இடது பக்கம் தலையிலிருந்து கால் வரை அனுப்ப வேண்டும். புத்தகத்தில் பத்து முறை படித்தும் பதியாத அந்த விஷயம் கட்டைவிரலில் ஒரு நொடியில் ஏறிவிடும்.

நுண்ணுயிரியலில் கிராம் சாயச் சோதனை. 1884-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட முறை. இன்றும் மருத்துவமனை ஆய்வகங்களில் தினமும் நடக்கிறது. கண்ணாடித் தகட்டில் பாக்டீரியாவைத் தடவி முதலில் ஊதாச் சாயம், பிறகு அயோடின், பிறகு ஆல்கஹால், கடைசியாகச் சிவப்புச் சாயம். செல்சுவர் தடித்த பாக்டீரியா ஊதாவை விடாமல் பிடித்துக்கொள்ளும். சுவர் மெல்லியது ஆல்கஹாலில் ஊதாவை இழந்து இளஞ்சிவப்பாகத் தெரியும். கிருமியின் பெயர் தெரிவதற்கு முன்பே எந்த வகை மருந்தைத் தொடங்கலாம் என்று மருத்துவர் முடிவெடுக்க இந்த நிறம் உதவுகிறது. செமஸ்டர் முடிவில் பெயர் எழுதாத குழாய் ஒன்றைக் கொடுத்து, உள்ளே இருப்பது என்ன கிருமி என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். மூன்று வாரம் அந்தக் குழாயைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் சைவம். விலங்குகளை அறுத்துத்தான் ஆக வேண்டுமா?

கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில இடங்களில் பூனை, சில இடங்களில் பன்றிக் கரு, ஆட்டின் மூளை, மாட்டின் கண். பல கல்லூரிகள் பிளாஸ்டிக் மாதிரிகளுக்கும் கணினிப் படங்களுக்கும் மாறிவிட்டன. முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் மரியாதையாகச் சொன்னால், கத்தியைப் பிடிக்காமல் குழுவோடு நின்று பார்க்க அனுமதிப்பவர்கள் உண்டு. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். செவிலியர் வேலையில் புண், சீழ், மலம், மரணம் எல்லாம் வரும். அறுவை வேண்டாம் என்பது கொள்கையா, அருவருப்பா என்று இப்போதே உங்களுக்குத் தெரிந்துவிடுவது நல்லது.

பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். இந்தப் பெயர்களை எல்லாம் எப்படி மனப்பாடம் செய்வது?

மனப்பாடம் செய்யாதீர்கள். பதம் பிரியுங்கள்.

கழுத்தின் பக்கவாட்டில், தலையைத் திருப்பினால் புடைத்துத் தெரியும் தசையின் பெயர் ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டு. முதல் முறை பார்த்தபோது கண் இருட்டியது. பிரித்துப் பாருங்கள். ஸ்டெர்னோ என்றால் மார்பெலும்பு, க்ளைடோ என்றால் காறையெலும்பு, மாஸ்டாய்டு என்றால் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மேடு. மார்பெலும்பிலும் காறையெலும்பிலும் தொடங்கிக் காதுக்குப் பின்னால் போய் முடியும் தசை. பெயரிலேயே முகவரி இருக்கிறது. செய்யுளைச் சீர் பிரித்துப் பொருள் சொல்லிப் பழகிய நமக்கு இது கைவந்த கலை. கிரேக்க, இலத்தீன் வேர்ச்சொற்கள் ஒரு நூறு தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக அவிழும். மருத்துவக் கலைச்சொற்கள் என்று தனிப் பாடமே உண்டு. முடிந்தால் முதல் செமஸ்டரில் எடுங்கள்.

நான் செய்த இன்னொரு காரியம், ஒவ்வொரு பாடத்தையும் இரவில் என் அம்மாவுக்குத் தொலைபேசியில் தமிழில் விளக்கியது. சிறுநீரகம் எப்படி உப்பைத் திரும்ப உறிஞ்சுகிறது என்று அம்மாவுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் எனக்குப் புரிந்துவிட்டது என்று பொருள். எந்த இடத்தில் வார்த்தை தடுமாறியதோ அந்தப் பக்கத்தைத்தான் மறுநாள் திருப்பிப் படித்தேன்.

உண்மையிலேயே இரண்டே ஆண்டில் முடியுமா?

செமஸ்டருக்கு 15 கிரெடிட் எடுத்தால் முடியும். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, இரண்டு மணி நேரம் வீட்டில் படிப்பு என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் வாரத்துக்கு 45 மணி நேரம். கைக்குழந்தையோடும் சமையலோடும் அது முடியாது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் செமஸ்டருக்கு இரண்டு, மூன்று பாடமாக மூன்றரை ஆண்டு படித்தேன்.

வேகத்தைவிட வரிசைதான் ஆளை வீழ்த்தும். பல கல்லூரிகளில் வேதியியலோ உயிரியலோ முடிக்காமல் உடற்கூறியல் ஒன்றில் சேர முடியாது. ஒன்று முடியாமல் இரண்டு கிடையாது. ஒரு கண்ணி தவறினால் எல்லாமே ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும். இன்னொன்று: பல செவிலியர் படிப்புகள் ஐந்து முதல் ஏழு ஆண்டுக்குள் படித்த அறிவியல் பாடங்களைத்தான் ஏற்கின்றன. நடுவில் நீண்ட இடைவெளி விடாதீர்கள்.

செவிலியராக இரண்டாண்டுப் பட்டம் போதுமா, நான்காண்டு வேண்டுமா?

இரண்டுக்கும் உரிமத் தேர்வு ஒன்றேதான்: என்கிளெக்ஸ்-ஆர்.என். இரண்டாண்டுச் செவிலியர் பட்டம் 1952-இல் மில்ட்ரெட் மான்டாக் என்ற செவிலியர் கல்வியாளரின் திட்டமாகச் சில கல்லூரிகளில் சோதனையாகத் தொடங்கியது. போருக்குப் பிந்தைய செவிலியர் பற்றாக்குறைதான் காரணம். அந்த வழியில் வந்தவர்கள் இன்றும் எந்த மருத்துவமனையிலும் முழு உரிமம் பெற்ற செவிலியர்களே.

ஆனாலும் காற்று நான்காண்டுப் பக்கம் வீசுகிறது. நியூயார்க் மாநிலம் 2017-இல் ஒரு சட்டம் இயற்றியது: புதிதாக உரிமம் பெறும் செவிலியர் பத்து ஆண்டுக்குள் இளநிலைப் பட்டம் முடித்துவிட வேண்டும். பெரிய நகரத்து மருத்துவமனைகள் பல, இளநிலைப் பட்டம் உள்ளவர்களையே முதலில் கூப்பிடுகின்றன. என் கருத்தைக் கேட்டால், குடும்பத்துக்கு உடனே வருமானம் தேவை என்றால் இரண்டாண்டுச் செவிலியர் பட்டம் முடித்து வேலையில் சேர்ந்து, மீதியை இணையவழியில் படியுங்கள். பல மருத்துவமனைகள் அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தருகின்றன.

'இரண்டாண்டு' என்பது செவிலியர் வகுப்புகளுக்கு மட்டும்தான் என்பதையும் கணக்கில் வையுங்கள். அதில் சேருவதற்கான முன்பாடங்களுக்கே இன்னும் ஓராண்டோ கூடுதலாகவோ ஆகும்.

நுழைவுத் தேர்வு உண்டா?

கல்லூரியில் சேர இல்லை; கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும். செவிலியர் படிப்பில் சேரத்தான் போட்டி. பல இடங்களில் டீஸ் என்ற தேர்வு: வாசிப்பு, கணிதம், அறிவியல், ஆங்கிலம் என்று 170 கேள்விகள், 209 நிமிடம். சில கல்லூரிகள் ஹெஸி தேர்வைக் கேட்கும். கணிதம் நமக்கு எளிது. வாசிப்புப் பகுதியில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். தினமும் ஒரு நாளிதழ்க் கட்டுரையை நிதானமாகப் படித்துப் பழகுங்கள்.

செவிலியர் வேலை எனக்கு ஒத்து வராது. வேறு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, நம் சமூகத்தில் யாரும் பேசுவதில்லை. பல் சுகாதாரப் பணியாளர், சுவாச சிகிச்சையாளர், கதிரியக்கத் தொழில்நுட்பர், மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பர், இயன்முறை சிகிச்சை உதவியாளர். கதிரியக்கத்துக்கு 2015 முதல் தேசிய சான்றிதழ் அமைப்பே குறைந்தது அசோசியேட் பட்டம் வேண்டும் என்று வைத்திருக்கிறது.

சம்பளத்தைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் 2023 மே கணக்குப்படி ஆண்டு இடைநிலைச் சம்பளம் பதிவுபெற்ற செவிலியருக்கு 86,070 டாலர், பல் சுகாதாரப் பணியாளருக்கு 87,530 டாலர், சுவாச சிகிச்சையாளருக்கு 77,960 டாலர். முதலிடத்தில் இருப்பது யார் என்று பாருங்கள்.

மனிதர்களோடு பேசுவதைவிட நுண்ணோக்கியோடு இருப்பது பிடிக்கும் என்றால் ஆய்வகம் பொருத்தமான இடம். நோயாளி அவர்கள் முகத்தைப் பார்ப்பதே இல்லை. ஆனால் மருத்துவரின் பெரும்பாலான முடிவுகள் அவர்கள் தரும் எண்களில்தான் நிற்கின்றன.

இந்தியாவில் பி.எஸ்சி. முடித்திருக்கிறேன். மறுபடி முதலிலிருந்தா?

முதலில் உங்கள் மதிப்பெண் பட்டியலைப் பாடவாரியாக மதிப்பிடச் செய்யுங்கள். டபிள்யூ.இ.எஸ். போன்ற நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. எதை ஏற்பது என்று கடைசியாக முடிவு செய்வது கல்லூரிதான். பொதுப் பாடங்கள் சில கழிந்துவிடும். உடற்கூறியலும் நுண்ணுயிரியலும் பழையதாகிவிட்டால் திரும்பப் படிக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஏற்கெனவே இளநிலைப் பட்டம் இருப்பதால் உங்களுக்கு இந்த அசோசியேட் பட்டமே தேவைப்படாமல் போகலாம். முன்பாடங்களை மட்டும் சமுதாயக் கல்லூரியில் முடித்துவிட்டு, வேறு துறையில் பட்டம் பெற்றவர்களுக்கான விரைவுச் செவிலியர் படிப்பில் நேரே சேரலாம். அது பல இடங்களில் 12 முதல் 18 மாதம். மூன்றாண்டு இந்தியப் பட்டத்தை ஏற்கிறார்களா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தில் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

எச்-4 விசாவில் படிக்கலாமா?

படிக்கலாம். எச்-4 என்பது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் கணவன், மனைவி, பிள்ளைகளுக்கான விசா; படிப்பதற்காக அதை மாற்ற வேண்டியதில்லை. கல்விக் கட்டணத்தில் மாநிலத்தவருக்கான சலுகை கிடைப்பது மாநிலத்தைப் பொறுத்தது. பெரும்பாலும் ஓராண்டாவது அங்கே வசித்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 7,395 டாலர் வரை தரும் மத்திய அரசின் பெல் உதவித்தொகை, குடிமக்களுக்கும் பச்சை அட்டை வைத்திருப்போர் போன்ற சிலருக்கும் மட்டும்தான்.

படிப்பது வேறு, வேலை பார்ப்பது வேறு. கணவருக்கோ மனைவிக்கோ ஐ-140 (பச்சை அட்டைக்காக நிறுவனம் போடும் மனு) அனுமதி கிடைத்திருந்தால், 2015-இல் வந்த விதிப்படி எச்-4 வைத்திருப்பவர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் பட்டம் கையில் இருந்தும் காத்திருக்க நேரும். அந்த வலி எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டு காத்திருந்தேன். பிள்ளைகள் எச்-4 விசாவில் இருந்தால் 21 வயதில் அந்தத் தகுதி முடிந்துவிடும். அதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

மருத்துவமனைப் பயிற்சிக்கு முன் என்ன கேட்பார்கள்?

தட்டம்மை, சின்னம்மை, ஹெப்படைடிஸ் பி தடுப்பூசிச் சான்றுகள், சி.பி.ஆர். (நின்ற இதயத்தை இயக்கும் முதலுதவி) பயிற்சி அட்டை, குற்றப் பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை. ஊரில் போட்ட தடுப்பூசிக்குச் சான்று இல்லையென்றால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று சோதித்துக் காட்டலாம்.

காசநோய்ச் சோதனையில் மட்டும் கவனமாக இருங்கள். நம் தோளில் இருக்கும் பி.சி.ஜி. தழும்பு உங்களுக்குத் தெரியும். அந்தத் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை, நோய்த்தொற்று இல்லாமலேயே தொற்று இருப்பதாகக் காட்டிவிடலாம். அப்புறம் எக்ஸ்ரே, விளக்கக் கடிதம் என்று வாரக்கணக்கில் அலைய வேண்டும். பி.சி.ஜி. போட்டிருக்கிறேன், ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். அந்த ரத்தச் சோதனையைப் பி.சி.ஜி. குழப்பாது.

என் மகன் மருத்துவராக வேண்டும். சமுதாயக் கல்லூரியில் படித்தால் வாய்ப்பு கெடுமா?

கெடாது. அங்கே நன்றாகப் படித்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறி மருத்துவரானவர்கள் இருக்கிறார்கள். மருத்துவக் கல்லூரிகள் பார்ப்பது, மாறிய பிறகு கடினமான அறிவியல் பாடங்களில் அதே தரத்தைக் காட்டினானா என்பதை. கரிம வேதியியல், உயிர்வேதியியல் போன்றவற்றைப் பல்கலைக்கழகத்தில் படிப்பது நல்லது. இன்னொன்று, செவிலியருக்கான உடற்கூறியல் பாடத்தை மருத்துவக் கல்லூரிகள் கேட்பதில்லை. அவை கேட்பது அறிவியல் துறை மாணவருக்கான பொது உயிரியல். ஆகவே பாடத் தேர்வு முதல் நாளிலிருந்தே வேறு. கலிபோர்னியாவில் எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்று அசிஸ்ட் என்ற பொது இணையதளத்தில் பார்த்துவிடலாம்.

உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோரே, கவனியுங்கள். அது விளையாட்டு அல்ல. 16 வயதில் வாங்கிய 'சி' கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக இருக்கும். மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் படித்த எல்லாக் கல்லூரிப் பதிவுகளையும் காட்ட வேண்டும், பள்ளிக் காலத்தில் எடுத்ததும் சேர்த்து. தவிக்கிறான் என்று தெரிந்தால் கடைசி நாளுக்கு முன் பாடத்திலிருந்து விலகச் சொல்லுங்கள்.

விளம்பரத்தில் வரும் தனியார் கல்லூரிகள் சீக்கிரம் சேர்த்துக்கொள்கிறார்களே?

சேர்ப்பது எளிது என்பதே எச்சரிக்கைதான். இலாப நோக்கில் நடந்த கொரிந்தியன் கல்லூரிகள் 2015-இலும் ஐ.டி.டி. டெக் 2016-இலும் மூடப்பட்டபோது, நடுவழியில் நின்ற மாணவர்கள் ஏராளம். கையில் கடன்தான் மிஞ்சியது. எல்லாத் தனியார் கல்லூரிகளும் அப்படி இல்லை. கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். செவிலியர் என்றால் மாநிலச் செவிலியர் வாரியத்தின் இணையதளத்திலேயே அனுமதி பெற்ற படிப்புகளின் பட்டியலும், ஒவ்வொன்றிலும் எத்தனை சதவீதம் பேர் என்கிளெக்ஸில் தேறினார்கள் என்பதும் பல மாநிலங்களில் கிடைக்கும். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

கோடையில் எட்டு வாரத்தில் உடற்கூறியலை முடித்துவிடலாமா?

வேண்டாம். பதினைந்து வாரப் பாடத்தை எட்டு வாரத்தில் அடைக்கிறார்கள்; வாரத்துக்கு ஒரு தேர்வு வரும். எலும்புகளைப் படித்து முடிப்பதற்குள் தசைகள் வந்துவிடும். கோடையில் உளவியலை எடுங்கள். உடற்கூறியலுக்கு முழு செமஸ்டரைக் கொடுங்கள்.